பதினான்காம் பாத்தி

உவர்மலைச் சரிவில்
எங்கள் தாவரப் பூங்காவுக்கு
நூற்றுப் பன்னிரண்டு பெயர்ப்பலகைகள்
கொழும்பிலிருந்து லொறியில் வந்தன.
முதல் வரி சிங்களம், நடுவில் தமிழ்,
அடியில் சாய்ந்த எழுத்தில் இலத்தீன்.
தமிழைத் திருத்துவது என் வேலை.
சம்பளப் பட்டியலில் நான்
தோட்ட உதவியாளர், தரம் மூன்று.

கொன்றை 'கொண்டை' என்று வந்திருந்தது.
வீரை, 'விறை'.
மகிழுக்கு ஒரு கொம்பு கூடி
'மெகிழ்' ஆகி நின்றது.
கறுப்புப் பெயின்ற், நாலாம் நம்பர் தூரிகை,
மண்ணெண்ணெய் தோய்த்த சீலைத்துண்டு.
ணகரத்தில் ஒரு சுழியைச் சுரண்டி
டகரத்தை வளைத்துக் காலை இறக்கினேன்.
அதற்காகவே பொறுத்திருந்ததுபோல
அந்தச் சித்திரையில் மரம் முழுக்க மஞ்சள்.
(பொறுத்திருக்கவில்லை.
அதற்கு வாசிக்கத் தெரியாது.)

வைகாசி பிறந்தால் கச்சான்.
காடு தாண்டி வரும் காற்று, வாயெல்லாம் புழுதி.
ஓர்கிட் வீட்டுக்குள் ரத்னசிறி
ஈரச் சாக்குகளைத் தொங்கவிட்டு,
பேராதனையிலிருந்து பெட்டியில் வந்த
ஒரேயொரு வெசாக் ஓர்கிட்டுக்கு
காட்போட் மட்டையால் விசிறிக்கொண்டிருப்பான்.
வெசாக் முடிந்து ஒன்பதாம் நாள் அது பூக்கும்.
"இவவுக்குக் கலண்டர் இல்ல" என்பான்.
பதிவேட்டில் எழுதுவேன்: ஒன்று.

ஆனியில் பாலை பழுக்கும்.
உதடு ஒட்ட ஒட்டத் தின்றுவிட்டு
பள்ளிக்கூடப் பிள்ளைகள் கேள்வி கேட்க முடியாமல் நிற்பார்கள்.
எனக்குப் பிடித்த மாதம்.

மான்களைப் பற்றியும் சொல்லவேண்டும்.
கோட்டையிலிருந்து பின்னிரவில் இறங்கி
பஸ் நிலையத்து வாழைத்தோலும்
யாருடையதோ தோற்ற லொத்தர் சீட்டும் தின்று
எங்கள் வேலியைத் தாண்டும்.
நிஸ்தார் டோர்ச் அடித்தால்
கண்கள் மட்டும், சோடி சோடியாய்.
விடிந்தால் செம்பருத்தியில் மொட்டு இராது.
வாடாமல்லி நின்ற இடத்தில் ஈர்க்குகள்.
அப்போது எழுதுவேன்:
பூ, நேற்று முப்பது.

பதினான்காம் பாத்தியை மட்டும் அவை தொடுவதில்லை.
கிழங்கிலே நஞ்சு.
ஐப்பசி மழைக்கு முளை கீறி
இலைநுனியையே விரலாக்கி
பக்கத்து வெட்சியைப் பிடித்து ஏறும்.
மொட்டு தலைகீழாய்த் தொங்கும்.
பச்சையாய் விரிந்து, மஞ்சளாகி,
இதழ்களை முதுகுப்பக்கம் மடித்துக்கொண்டு
மெல்ல மெல்லச் சிவக்கும்.

அதற்கு ஊரில் ஒரு பெயர் இருக்கிறது,
மாதத்தோடு சேர்ந்த பெயர்.
அலுவலகத்தில் நாங்கள்
பதினான்காம் பாத்தி என்போம்.
ஆண்டுக்கொரு முறை, பூக்கிற கிழமையில்,
சிவில் உடுப்பில் ஒருவர் வருவார்.
பலகையைத்தான் படமெடுப்பார்.

கொழும்புக்காரன் 'காந்தள்' எழுதப்போய்
'காந்தல்' என்று எழுதிவிட்டான்.
ஒரேயொரு எழுத்து.
லகரத்தை ளகரமாக்க
நாலாம் நம்பர் தூரிகைக்கு
ஒரு மூச்சு போதும்.
மூன்று தரம் டப்பாவைத் திறந்தேன்.
ஆடை கட்டிய பெயின்றைக் குச்சியால் கலக்கி
மூன்று தரமும் மூடினேன்.
"இத மட்டும் விட்டிட்டீங்களே அக்கா"
என்றான் நிஸ்தார்.
பெயின்ற் காணாது என்றேன்.
டப்பா பாதிக்கு மேல் நிறைந்திருந்தது.
அவன் அதைத் தூக்கிக்கொண்டுபோய்
மண்வெட்டிகளுக்குப் பின்னால் வைத்தான்.

இந்த வருசம், மழை விட்ட ஒரு பின்னேரம்,
குடைக்குள்ளிருந்து ஒரு பையன்
எழுத்துக்கூட்டி வாசித்தான்.
"காந்... தல்.
அம்மா, சோறு அடிப்பிடிச்சா வாற காந்தலா?"

அவள் குடையைச் சாய்த்தாள்.
பலகையைப் பார்த்தாள். பூவைப் பார்த்தாள்.
வாங்கிலில் சிவில் உடுப்புக்காரர்
ஈரமான காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"ஓம்" என்றாள்.
"பானையில ஒட்டினது.
வா, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

அவன் போகவில்லை.
விரல் நீட்டி எண்ணத் தொடங்கினான்.
நானும் அவனோடு எண்ணினேன், சத்தமில்லாமல்,
பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு.
அவனுக்குப் பதினெட்டு.
எனக்குப் பத்தொன்பது.
வெட்சி இலைக்குப் பின்னால் ஒன்று
இன்னும் பச்சையாய் இருந்தது.