கடைசி எழுத்து கே

வால்டிவியாவில் மழை கேட்காமல் வரும்.
மற்றதைக் கேட்டு வாங்குவது என் வேலை.
"எண்ணைச் சொல்லுங்க."
மருந்துக்கடை, இரண்டாம் கவுன்ட்டர்,
ஒன்பது வருடம்.
தலைவலி மாத்திரைக்கு எண்,
குழந்தை டயப்பருக்கு எண்,
அறுபது பெசோ தள்ளுபடிக்கு
ஒரு மனிதரின் முழு அடையாள எண்.
சொல்லிவிடுவார்கள், சந்தோஷமாக,
பிள்ளையின் வயதைச் சொல்வதுபோல.

டான் ஹெரிபெர்த்தோவுக்குக் காது மந்தம்.
தன் காதுக்கு எட்டும்படி சொல்வார்,
அது தெருவுக்கும் எட்டும்.
ஆற்றங்கரை மீன்சந்தையில்
குடலுக்கும் தலைக்கும் காத்துக்கிடக்கும் கடல்சிங்கங்களுக்கு
அவர் எண் இந்நேரம் மனப்பாடம் ஆகியிருக்கும்.
நாங்கள் சிரிப்போம். நானும்தான்.

என் எண் கொஞ்சம் வேறு.
பெரும்பாலோருக்குக் கடைசியில் ஓர் இலக்கம்,
எனக்கு ஓர் எழுத்து. கே.
சொல்லும்போது அதை மட்டும்
சற்று இழுத்துச் சொல்வேன்.

ஆகஸ்டில் கடிதம் வந்தது.
அந்தோஃபகாஸ்தாவில் நான்
ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கியிருக்கிறேன்.
மழையே தெரியாத ஊர். போனதில்லை.
நாற்பத்தெட்டுத் தவணை. மூன்று தவறியிருக்கிறேன்.
ஹெல்மெட்டும் வாங்கியிருக்கிறேன்.
பரவாயில்லை, ஜாக்கிரதையானவள் என்று
முதலில் அதைத்தான் நினைத்தேன்.

கையெழுத்தை அனுப்பச் சொன்னேன்.
எலியானா பாரியென்டோஸ் என்ற பெயரை
அவள் என்னைவிட அழகாக எழுதுகிறாள்.

வங்கியில் கேட்டார்கள்:
அது நீங்கள் இல்லை என்பதற்கு என்ன சான்று?
அட்டையை நீட்டினேன்.
"இதன் நகல் அவர்களும் கொடுத்திருக்கிறார்களே,"
என்றான் அந்தப் பையன்,
வருத்தமாகத்தான் சொன்னான்.
நோட்டரி, காவல் நிலையம், மறுபடி நோட்டரி.
நான் இன்னார் என்று சொல்ல ஓர் எண் போதும்.
இன்னார் இல்லை என்று சொல்லப்
பதினோரு தாள், நான்கு முத்திரை,
இரண்டு நாள் சம்பளம்.

எங்கே கொடுத்தேன்?
இரவெல்லாம் எண்ணிப் பார்த்தேன்.
செருப்புக்கடை. பல் மருத்துவர்.
தம்பி கல்யாணத்துக்கு வாடகை கோட்டு.
ரொட்டிக்கடைக் குலுக்கல்: பரிசு ஒரு கேக்.
அட்டையின் இரு பக்கமும் படம் எடுத்து
வீட்டுத் தரகருக்கு ஒருமுறை அனுப்பினேன்;
அந்த வீடே இல்லை என்று பிறகு தெரிந்தது.
கேக்கும் விழவில்லை.

அதற்குப் பிறகுதான் என் வரிசையைப் பார்த்தேன்.
உதட்டுக் களிம்பு ஒன்றைக் கையில் உருட்டியபடி
வாரம் மூன்று நாள் நிற்கும் ஒருவன்,
முறை வருமுன் நழுவிவிடுகிறவன்.
யாராவது எண் சொன்னால்
கைபேசிமேல் அவன் கட்டைவிரல் அசையும்.
காதில் ஏதோ மாட்டியிருந்தான்,
பாட்டுக்குத் தாளமாகவும் இருக்கலாம்.
சத்தியமாகத் தெரியவில்லை.
பட்டப்பகலிலும் பக்கம் பார்த்துப் பேசவேண்டிய இடத்தில்
ஒன்பது வருடமாக நான்
"கொஞ்சம் சத்தமா" என்று கேட்டிருக்கிறேன்.

இப்போது விசைப்பலகையை அவர்கள் பக்கம் திருப்புகிறேன்.
"சொல்லாதீங்க, அழுத்துங்க."
ஆளுக்கு ஒன்பது நொடி அதிகமாம்,
மேலாளர் சொலேதாத் கணக்குப் பார்த்திருக்கிறாள்.
வரிசை முணுமுணுக்கிறது.

டான் ஹெரிபெர்த்தோ மட்டும் கேட்கவில்லை,
இரண்டு அர்த்தத்திலும்.
வாயைத் திறந்தார், எண் கிளம்பியது.
நான் இருமினேன்.
இரண்டு இலக்கத்துக்கு ஓர் இருமல்,
நடுவில் ஒரு தும்மல்,
கடைசி இலக்கத்தின்மேல்
காசுப்பெட்டியை அறைந்து மூடினேன்.

"உனக்கே மருந்து வேணும் போலிருக்கே.
நான் வாங்கித் தரேன். தள்ளுபடி உன் பேர்லயே போகட்டும்.
உன் எண் என்ன?"

கடை அமைதியானது.
களிம்புக்காரன் நிமிர்ந்தான்,
அல்லது மழையைப் பார்த்தான்.

"கே," என்றேன். அவ்வளவுதான்.

"என்ன? கேட்கலை," என்றார் அவர்,
காதைக் கையால் குவித்து.