நான்கு ஆட்டுத் தராசு

மழை மூன்றாம் நாள்.
டோல்கெத்லைக்கு மேலே, மலையடித் தகரக் கொட்டகையில்
நான்கு சக்கரத்துக்கு நான்கு தராசு.
எம்ரிஸ் பியூ ஆட்டுக்குட்டி நிறுக்க வைத்திருப்பவை.
"மூன்று ஒழுங்கு. நாலாவது அரைக்கிலோ கூடக் காட்டும்.
விற்கும்போது மட்டும் அதைத்தான் எடுப்பேன்."
நெரிஸ் அதற்கு நீல டேப் ஒட்டினாள்,
நோட்டில் அரைக்கிலோ கழித்தாள்.

மேலே நிற்கிறது வண்டி, தோல் போர்த்தாமல்.
குழாய், குழாய், மறுபடியும் குழாய்.
சதுரம் தள்ளினால் சாயும்.
முக்கோணம் தள்ளினால் முறைக்கும்.
அதனால் முழங்காலுக்கு மேல், இன்ஜினுக்குப் பக்கத்தில்,
முதுகுக்குப் பின்னால்,
எங்கே கை வைத்தாலும் முக்கோணம்.
பதினெட்டு மாதம்.
ஒவ்வொரு மூட்டுக்கும் முதலில் ஒரு பொட்டு வெல்டிங்,
நூல் பிடித்து, மூலைக்கு மூலை அளந்து,
பிறகே முழுசாய்.
சூடு இழுக்கும்; இந்தப் பக்கம் ஒரு விரல் நீளம் என்றால்
அந்தப் பக்கமும் ஒரு விரல்.
அவசரப்பட்ட ஒரே இரவு
பின்பக்கத்தில் இரண்டு மில்லிமீட்டராய்
இன்னும் இருக்கிறது.
வாஷர் வைத்தாயிற்று. யாரிடமும் சொல்லவில்லை.

வரைபடம் கார்மொன் போட்டது.
'ஓட்டுபவர் எடை' என்ற கட்டத்தில்
82 என்று எழுதியிருந்தான்.
யாருடைய எண்பத்திரண்டு என்று
அப்போது கேட்கத் தோன்றவில்லை.
ஸ்பிரிங், டாம்பர், பெடல் தூரம், ஸ்டியரிங் சாய்வு
எல்லாம் அந்தக் கட்டத்திலிருந்து புறப்பட்டவை.

பிப்ரவரியில் அவன் கார்டிஃபுக்குப் போனான்,
டார்க் ரெஞ்சை எடுத்துக்கொண்டு.
அது அவளுடையது.

இன்று அவளே ஏறி உட்கார்ந்தாள்.
ஐம்பத்தெட்டு, பூட்ஸோடு.
ஏறி உட்கார்ந்தவள் தராசை எப்படிப் படிப்பாள்?
கைபேசியை உத்தரத்தில் கட்டி ஓடவிட்டு
மூச்சை அடக்கிக்கொண்டாள்,
மூச்சுக்கு எடையில்லை என்று தெரிந்தும்.

வலப் பின்மூலை நான்கு மில்லிமீட்டர் தூக்கி நின்றது.
கிடையாய் இருக்கவேண்டிய கீழ் விஷ்போன்
முகவாயைத் தாழ்த்தியிருந்தது.
கிளட்சுக்குக் கால் எட்டவில்லை. அது முன்பே தெரியும்;
தலையணை வைத்துச் சமாளிக்கலாம் என்று
தனக்கே பொய் சொல்லி வைத்திருந்தாள்.

"குறைவது எவ்வளவு?" என்றான் எம்ரிஸ், வாசலில் நனைந்தபடி.
"இருபத்து நாலு."
"தேறிய குட்டி ஒன்று.
தீவன மூட்டை ஒன்றை இருக்கைக்கு அடியில் கட்டு, முடிந்தது."

அவள் யோசிக்கவே செய்தாள்.
தேநீர் ஆறும்வரை.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்னவர்கள்
எவர் கையால் அளப்பது என்று சொல்லிவைக்கவில்லை.

பிறகு கிரைண்டர்.
தரைக்குழாய் இரண்டு, பெடல் தாங்கி,
தீப்பொறி மழைத்தண்ணீரில் விழுந்து சீறியது.
தொண்ணூறு மில்லிமீட்டர் அருகே இழுத்து
மறுபடி பொட்டு, நூல், மூலைக்கு மூலை.
பின்னுக்கு ஒரு படி மெலிந்த ஸ்பிரிங்.
வளையத்தை அரைச் சுற்று இறக்க,
வலப் பின்னைத் தொட்டால்
இட முன் முனகியது.
அதைத் தணித்தால் மற்ற இரண்டுக்கும் மனத்தாங்கல்.
இறங்கு, திருகு, ஏறு, மூச்சடக்கு.
பதினோரு தடவை.
பன்னிரண்டாவதில் நான்கு எண்ணும்
ஒன்றோடொன்று பேச்சுவார்த்தைக்கு வந்தன.

கட்டத்தில் இருந்த 82-ஐ அடிக்கவில்லை.
பக்கத்தில் சின்னதாய் 58 எழுதினாள்.
பூட்ஸோடு, என்றும்.

ஜூனில் மலைப்பாதை.
ஆடு தாண்டாதிருக்க ரோட்டில் பதித்த இரும்புக் கம்பிகள் மேல்
நாற்பது மைலில் ஏறினாள்.
சக்கரம் துள்ளியது, உடம்பு துள்ளியது,
ஸ்டியரிங் மட்டும்
கேட்காத மாதிரி நேராய் இருந்தது.

பக்கத்து இருக்கைக்கு நான்கு துளை போட்டிருக்கிறது.
போல்ட் இன்னும் வாங்கவில்லை.
இடப்பக்கம் எங்கோ ஒரு கிணுகிணுப்பு.
நாளைக்கு.