குற்ற எண் 41

நான் சட்டப்பேரவையில் சுருக்கெழுத்தர்.
நிமிடத்துக்கு நூற்றிருபது வார்த்தை.
கைக்கு அபிப்பிராயம் கிடையாது,
வேகம் மட்டும்தான்.

இருசம்மாள் பெயரில் ஒரு நாள் விடுமுறை கேட்டு
உறுப்பினர் காத்தமுத்து முதன்முறை எழுந்தபோது
பிற்பகல் மூன்றே கால்.
பாதிப்பேர் சாப்பாட்டிலிருந்து திரும்பியிருக்கவில்லை.
தனி உறுப்பினர் தீர்மானம் என்று எழுதினேன்.
அடுத்த வரியில், சிரிப்பு.
எங்கள் குறியீட்டில் சிரிப்புக்கு
ஒரு சின்ன வளைவு போதும்.

சுதந்திரம் வந்ததையே இங்கே
மூன்று நாள் கொண்டாடுகிறோம், இன்னும் எதற்கு, என்றார் ஒருவர்.
அவருக்குப் பின்னால் இருந்தவர் சொன்னதை
அவைக்குறிப்பிலிருந்து நீக்கச் சொன்னார் தலைவர்.
நீக்கினேன். தட்டச்சுப் பிரதியில்.
என் நோட்டில் அது அப்படியே இருக்கிறது,
பக்கம் அறுபத்திரண்டு, பென்சிலில்.

அடுத்த கூட்டத்தொடருக்கு
அரிசி மூட்டையில் கட்டி மனு வந்தது.
பதினோராயிரம் பேர். அதில் நாலாயிரம் கைரேகை.
ரேகைக்குச் சாட்சி இல்லை என்று
செயலகம் திருப்பி அனுப்பியது.
வில்லியனூரிலும் பாகூரிலும் கல்லூரிப் பிள்ளைகள்
ரேகை வைத்தவர்களை மறுபடி தேடிப் போனார்கள்.
இருபத்திரண்டு பேர் அதற்குள் செத்திருந்தார்கள்.
அவர்கள் பெயரை அடிக்க வேண்டுமா என்று
விதியில் எங்கும் இல்லை. விட்டுவிட்டார்கள்.

பிறகு, எந்தத் தேதி என்ற கேள்வி.
பிறந்தது புயல் வருஷம், கேழ்வரகு அறுப்பில்.
எந்தப் புயல் என்று கேட்காதீர்கள்.
இறந்ததற்கு ஆஸ்பத்திரிப் பதிவேடு:
பெண், சுமார் அறுபது.

வழக்கறிஞர் ரெஜினா நீதிமன்றப் பழைய அறையில்
கரையான் தின்ற கட்டுகளை
நாற்பது நாள் பிரித்தார்.
கிடைத்தது ஒரு தாள்.
அரசாங்கம் அவள் பெயரை
முழுசாக எழுதிய ஒரே தாள்.

மூன்றாம் முறை காத்தமுத்து பேசவில்லை.
அதை மட்டும் வாசித்தார்.
'குற்ற எண் 41. பிப்ரவரி ஒன்பது, காலை ஆறரை.
பொதுக்குழாயில் குடம் வைத்து அமைதியைக் குலைத்தது.
சாட்சிகள் ஐவர்.
கைப்பற்றிய பொருள்: மண்குடம் ஒன்று, உடைந்தது.'
உட்கார்ந்துவிட்டார்.
மின்விசிறிச் சத்தம் கேட்டது.
என் பென்சில் தாளின் மேலேயே நின்றது,
நிற்பதற்கு ஒரு குறியீடு எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது.
அன்று மாலை வராந்தாவைக் கூட்ட வந்த பூங்காவனம்
காத்தமுத்துவை மறித்தாள்.
'அன்னிக்கி எங்களுக்கும் லீவா சார்?
இல்ல, கூட்டம் முடிஞ்ச குப்பைய அள்ளணுமா?'
அவர் பதில் அவைக்கு வெளியே சொன்னது.
அதை நான் எழுதவில்லை.
சொன்னாரா என்றும் நினைவில்லை.

பேரவையிலிருந்து துணைநிலை ஆளுநர் மாளிகைக்கு
பூங்காவைச் சுற்றி நடந்தால் நாலு நிமிஷம்.
கோப்புக்குப் பதினாலு மாதம் ஆனது.
அங்கிருந்து தில்லி.
தில்லியிலிருந்து இதுவரை ஒரே ஒரு வரி:
'மேற்படி நபர் யார் என விளக்கவும்.'

இந்தப் பிப்ரவரி ஒன்பதுக்கு
தற்செயல் விடுப்பு எழுதிக் கொடுத்தேன்.
காரணம் என்ற கட்டத்தில், வழக்கமான சொந்த வேலைக்குப் பதிலாக,
'தண்ணீர் பிடிக்க.'

கண்காணிப்பாளர் சிவப்பு மையில் சுழித்து
மேசைக்கே திருப்பி அனுப்பியிருக்கிறார்.
தெளிவாக எழுத வேண்டுமாம்.