அறை வெப்பநிலை

முதல் குரூப் வேண்டும் என்றபோது
இயற்பியலுக்கு ஆள் இல்லை என்றார் கிளார்க்.
ஆள் இல்லாவிட்டாலும் பாடம் இருக்குமே என்றேன்.
ஒருமுறை ஏறிட்டுப் பார்த்துவிட்டு
சீல் குத்தினார். ஈரத்தில் மை பரவியது.

அப்படித்தான் கோத்தகிரியில் நாங்கள் பதினொரு பேர்
பதினொன்றாம் வகுப்புக்குப் போனோம்.

காலை முதல் பீரியட் கணிதம்.
எல்லைகள் நடந்துகொண்டிருந்தபோது
அனுமதி கேட்காமல் மேகம் உள்ளே வந்தது.
முதலில் பலகையின் ஓரம் போயிற்று, பிறகு x,
பிறகு x நெருங்கிக்கொண்டிருந்த பூச்சியம்.
கடைசியில் ஒரு குரல் மட்டும்
"நெருங்கும், ஆனா தொடாது" என்று
வெள்ளைக்குள்ளிருந்து சொல்லிக்கொண்டிருந்தது.

விலங்கியலில் வளைதசைப் புழுக்கள் தொடங்கிய அன்று
ஷர்மினியின் சாக்ஸுக்குள்
அந்தத் தொகுதியைச் சேர்ந்த ஒருவர்
வருகைப் பதிவேட்டில் பெயர் இல்லாமலே வந்திருந்தார்.
டீச்சர் உப்புப் போட்டார். ரத்தம் நிற்கவில்லை.
ஏன் நிற்கவில்லை என்பது ஐந்து மதிப்பெண் வினா.

தமிழில் குறிஞ்சி.
மலையும் மலை சார்ந்த இடமும்.
பெரும்பொழுது கூதிர், முன்பனி; சிறுபொழுது யாமம்.
உரிப்பொருளை ஐயா வேகமாகத் தாண்டினார்.
"ஐயா, ஒண்ணு விட்டுப்போச்சு" என்றான்
கடைசி பெஞ்சிலிருந்து ஹேமந்த் போஜன்.

இயற்பியலுக்குத்தான் யாரும் வரவில்லை.
ஆர்டர் வாங்கிய ஒருவர் மேட்டுப்பாளையம் வரை வந்து
அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டதாகப் பேச்சு.
அவர் நாற்காலியில் ஒரு ரெக்கார்டு நோட்டு இருந்தது.
நான்கு கை மாறியது. ஓரமெல்லாம் எண்ணெய்.
முதலில் எழுதியவர் ஈரோட்டிலோ சேலத்திலோ
மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருக்க வேண்டும்.
குளிர்வு விதி, பக்கம் முப்பத்தியொன்று:
அறை வெப்பநிலை 30 டிகிரி.
எழுபதிலிருந்து அறுபதுக்கு நான்கரை நிமிடம்.

எல்லோரும் முப்பது என்றே எழுதினார்கள்,
மப்ளருக்குள்ளிருந்து விரல்களை ஊதிக்கொண்டு.

நான் வெப்பமானியை ஜன்னலோரம் தொங்கவிட்டேன்.
பதின்மூன்று.
உதறினேன், துடைத்தேன், மறுபடி தொங்கவிட்டேன்.
பதின்மூன்று.
சுடுதண்ணீர் வைத்தேன். மூன்றே நிமிடத்தில்
எழுபது அறுபதாயிற்று.
என் வளைகோடு வரைபடத்தாளில்
டவுன் பஸ் கொண்டை ஊசியில் இறங்குவதுபோல் இறங்கியது.
"வம்பு எதுக்கும்மா? முப்பதுன்னு போடு" என்றார்
லேப் அசிஸ்டெண்ட் சந்தியாகு.
அவர் கால்களுக்கிடையில் கரியடுப்பு இருந்தது.

பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு.
வெளித்தேர்வர் தாராபுரத்துக்காரர்.
குரங்குக் குல்லாய், இரண்டு ஸ்வெட்டர்,
மேலே தலைமையாசிரியரின் சால்வை.
சீட்டு எடுத்தேன். குளிர்வு விதியே வந்தது.

தாளைக் கண்ணருகில் வைத்துப் பார்த்தார்.
"பதின்மூணா? முப்பது கிட்ட வரணுமே."
சொன்னபோது அவர் வாயிலிருந்து
ஆவி வந்தது.
இரண்டு பேரும் அதைப் பார்த்தோம்.
அது மெதுவாகக் கலைந்தது.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
அவரும்.
"தண்ணி நிஜமாவே சூடாத்தான் இருக்கா?" என்று
கலோரிமீட்டரைத் தொட்டவர்
கையை எடுக்கவில்லை. இன்னொரு கையும் வந்தது.
டீ கிளாஸைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டு
கண்களை மூடிக்கொண்டார்.

ஸ்டாப்வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது.
"சார், ரீடிங் தப்பாயிடும்" என்றேன்.
"ஒரே நிமிஷம்மா" என்றார்.

அட்டவணையில் ஏழாவது நிமிடத்துக்கு நேரே
அந்தக் கட்டத்தைக்
காலியாக விட்டிருக்கிறேன்.