வருகையின் நோக்கம்

கொருக்குப்பேட்டை கேட்டுக்கு இந்தப் பக்கம் என் கடை.
ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம்,
வெயில் காலத்தில் ரோஸ்மில்க்.

வருகையின் நோக்கம் என்ற கட்டத்தில்
டில்லிபாபுவுக்காகச்
சுற்றுலா என்று தட்டியது நான்தான்.
வண்டலூரைக்கூடப் பார்த்திராதவன்.
"எத்தக்கா சுத்திப் பாக்கறது" என்று சிரித்தான்.
வெல்டிங் பொறி பட்டு முடி போன
இடது புருவம் தனியாக ஏறி இறங்கியது.

நட்சத்திர ஓட்டலில் அறை போட்டேன்.
திரும்பி வரச் சீட்டு எடுத்தேன்:
இருபத்தெட்டாம் நாள், காலை ஆறு பத்து,
ஜன்னலோரம்.
அச்செடுத்துக் கொடுத்துவிட்டு
மறுநாளே இரண்டையும் ரத்து செய்தேன்.
பக்கத்துக்கு ஐந்து ரூபாய்.
ஏஜெண்டு வாங்கியது ஒன்றரை லட்சம்;
பவானியின் தாலிச் செயினும்
எண்ணூர் ஃபைனான்ஸில் வாரவட்டியும்.

முப்பத்தோராம் நாள் ஒன்றும் ஆகவில்லை.
விடிந்தது. கூட்ஸ் வண்டி போனது.
"பாத்தியாக்கா, இன்னா ஆச்சு" என்றான் போனில்.

கேட் போட்டிருக்கும்போது
குனிந்து தாண்டுகிறவர்கள்தானே நாங்கள்,
பால் பாக்கெட்டோடு, பிள்ளையோடு,
ஒருமுறை ஒரு ஃப்ரிட்ஜோடு.
ரயில்
வரும்வரை வராது.

கிள்ளானில் ஏதோ பட்டறை.
பாஸ்போர்ட் முதலாளியின் இரும்பு அலமாரியில்.
சொன்ன சம்பளத்தில் பாதி.
மீதியைக் கேட்டால் அவர் திட்டமாட்டாராம்,
செல்போனை எடுத்து
மேஜைமேல் மெதுவாக வைப்பாராம்.
அது போதும்.

மூன்றாம் மாதம் பேச்சு மாறிவிட்டது.
"துன்னியா" என்று பவானி கேட்டால்
"பசியாறிட்டேன்" என்றான்.
அவனுக்கு முன்னால்
அவன் நாக்கு அங்கே குடியேறிவிட்டது.

கட்டைவிரலில் கம்பி ஏறிச் சீழ் வைத்தபோது
மஞ்சள்தூளும்
யாரோ மிச்சம் வைத்த மாத்திரையும்.
ஆஸ்பத்திரியில் முதலில் கேட்பது
எங்கே வலிக்கிறது என்றில்லையாம்.
ஆம்புலன்ஸ் சத்தத்துக்கும்
நாலு பேர் கூரைத் தகட்டுக்கடியில்
மூச்சைப் பிடித்துக் கிடந்திருக்கிறார்கள்.
இதெல்லாம் எனக்குச் சொன்னது.
பவானிக்கு இரட்டைக் கோபுரம் படம் அனுப்பினான்,
மூலையில் வேறு எவனோ பெயர் போட்டிருந்தது.

ஆடியில் அவன் அப்பா முனிரத்தினம் செத்தார்.
ஐஸ் பெட்டி வாடகை ஏறிக்கொண்டிருந்தது.
"புள்ள வருவானா, எடுத்துடலாமா?"
வரலாம்.
விமான நிலையத்தில் நாள் எண்ணுவார்கள்.
அபராதம், லாக்கப், கைரேகை,
அப்புறம் எத்தனை வருடத்துக்கோ அந்தக் கதவு கிடையாது.
கடனில் எண்பதாயிரம் நிற்கிறது.
மச்சான் கொள்ளி வைத்தான்.
மூலக்கொத்தளத்தில் போனைத் தூக்கிப் பிடித்தவள் நான்.
கை வலித்துக் கொஞ்சம் தாழ்ந்தபோது
"மேலக்கா, மேல" என்றான்.

பிடித்தது ஒரு செவ்வாய்க்கிழமை,
ரொட்டி வாங்கப் போன கடையில்.
பதினாறு நாளாகப் போன் இல்லை.
பவானி வந்து கவுண்டரில் நின்றாள்.
ரோஸ்மில்க் கொடுத்தேன்,
குடிக்காமல் கப்பையே பிடித்துக்கொண்டிருந்தாள்.
கணினியில் அவன் பைலைத் திறந்தேன்.
இருபத்தெட்டாம் நாள், ஆறு பத்து, ஜன்னலோரம்.
ஏன் அழிக்காமல் வைத்தேன் தெரியவில்லை.
அவுட்பாஸ் படிவத்தில் தேடிப் பார்த்தேன்,
நோக்கம் என்று கட்டமே இல்லை.

நேற்று ஒரு பையன் வந்தான், நேதாஜி நகர்.
டூரிஸ்டு விசா, அப்படியே தங்கிடலாம் என்று
யாரோ சொல்லியிருக்கிறார்கள்.
விரல், ஐஸ் பெட்டி, பதினாறு நாள்
எல்லாம் சொன்னேன்.
"தெரியும்க்கா" என்றான்.
வெளியே கேட் மணி அடித்தது.
சட்டைக் காலரைச் சரிசெய்து ஸ்டூலில் உட்கார்ந்தான்.

படம் எடுக்க
வெள்ளைத் துணியை மாட்டினேனா என்று
என்னைக் கேட்காதீர்கள்.
இப்போது பக்கத்துக்குப் பத்து ரூபாய்.