ஒரு வரி முன்னாலிருந்து

வெள்ளவத்தை ஸ்டேஷனுக்குத் தெற்கே
கருங்கற்கள் கடலுக்குள் இறங்குகிற இடம்.
ஞாயிறு, பின்னேரம் நாலரை.
சவரியான் மூன்று இறால் வடை வாங்கி வந்தான்.
நாங்கள் நாலு பேர்.
“எண்ணத் தெரியாதவன் வெண்பா எழுதுறானாம்” என்றாய், மர்ளியா,
உன் வடையில் பாதியைப் பிய்த்து
என் பக்கம் நீட்டியபடி.

அன்று என் முறை.
எட்டு மாதம் ஒன்றும் எழுதாமலிருந்து எழுதியது.
கொப்பித் தாள் படபடத்தது.
காற்றுத்தான் என்று எல்லோரும் நினைக்கட்டும்
என்று விட்டுவிட்டேன்.

அப்பாவின் பெட்டி லிஃப்டுக்குள் கொள்ளவில்லை.
ஏழாம் மாடியிலிருந்து படிவழியே இறக்கினோம்.
அவ்வளவுதான் கவிதை.
ஆறாம் மாடியில்
யாரோ கதவு திறந்து, குக்கர் விசிலை நிறுத்திவிட்டு,
கைகட்டி நின்றதை வாசித்தேன்.
ஐந்தாம் மாடித் திருப்பத்தில்
பாணந்துறை ரெயில் வந்துவிட்டது.

வாசலில் தொங்கியவர்கள் எங்களைப் பார்த்துக் கூவினார்கள்.
ஒருத்தன் கையசைத்தான்.
கற்கள் அதிர்ந்தன, தேநீர்க் கோப்பை அதிர்ந்தது,
கடைசிப் பெட்டியும் போய் முடிய
எனக்கு வெட்கம் வந்துவிட்டது.
“மிச்சம் பெரிசா ஒண்டுமில்லை” என்று
கொப்பியை மூடினேன்.

நீ கடலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய்.
“அஞ்சாம் மாடியில நிக்கிறம்” என்றாய்.
“ஒரு வரி முன்னுக்கிருந்து வாசி.
பெட்டி பாரம். கெதியா.”

பிறகு வாசித்தேன்.
தரைக்கு வந்து சேரும்வரை
ஒருவரும் வடையைத் தொடவில்லை.

சவரியான் “நல்லாயிருக்கு” என்றான்.
எதற்கும் அப்படித்தான் சொல்வான்,
ஆனால் அன்று தேநீர்க் காசை அவனே கொடுத்தான்.
புவனராஜ் வாய் திறக்கவில்லை.
புதன்கிழமை, மெயின் வீதிப் புடவைக்கடை பில் ஒன்றின் பின்புறத்தில்
எழுதிக் கொடுத்தனுப்பினான்:
‘கண்ணீர் இரண்டு இடத்தில் வருகிறது.
பெட்டியோடு படி இறங்குகிறவனுக்கு
அழ நேரமில்லை.
அவன் அடுத்த படியைப் பார்க்கவேண்டும்.’
பில்லின் முன்புறத்தில்
ஆறு யார் வெள்ளைத் துணி, கழிவு இல்லை.
இரண்டு கண்ணீரையும் எடுத்தேன்.
அந்தப் பில்லை எறியவில்லை.

இனி உனக்கு ஒன்று சொல்லவேண்டும்.
ஃபாமசிக் கவிதையை நீ வாசித்த அன்று,
இரவு ஒன்பது மணிக்கு வந்தவர்
துண்டிலுள்ள மருந்தில் பாதி மட்டும் கேட்டார் என்ற கவிதை,
கடைசி வரியை வெட்டு என்றேன்.
‘தந்த சில்லறையை நான் எண்ணவில்லை.’
அது கூடுதல் என்றேன், விளக்கம் என்றேன்,
நன்றாகப் படித்தவள்போல நிறையச் சொன்னேன்.
மர்ளியா, அது பொறாமை.
எனக்கு வந்திருக்கவேண்டிய வரி
உன் கல்லாவில் விழுந்துவிட்ட ஆத்திரம்.
நீ இரண்டு வாரம் பேசவில்லை.
வரியையும் வெட்டவில்லை.
நல்லகாலம்.
பஸ்ஸில் மிச்சக் காசு வாங்குகிறபோதெல்லாம்
எனக்கு அதுதான் வாயில் வருகிறது.

நேற்றிரவு எழுதியிருந்தாய்,
இனி வராது போலிருக்கிறது,
கடையும் பிள்ளைகளும் போதும் என்று.
நான் ஆறுதல் சொல்ல வரவில்லை.
அதில் சவரியான்தான் கெட்டிக்காரன்.

தெமட்டகொடைப் பாலத்துக்குக் கீழே
மழைக்கு ஒதுங்கிய மூன்று பேரை
மாசியில் எழுதத் தொடங்கினாய்.
மீன்காரர் தன் பெட்டியை உட்பக்கம் தள்ளி இடம்விட்டார்.
பள்ளிக்கூடப் பிள்ளை சப்பாத்தைக் கழற்றி நெஞ்சோடு பிடித்தாள்.
அதோடு நிற்கிறது.
மூன்றாவது ஆள் இன்னும் வெளியே,
ரோட்டைக் கடக்கப் பார்த்து
நனைந்துகொண்டே நிற்கிறார்.
யாரென்று எனக்குத் தெரியாது.
உனக்கும் தெரியாமலிருக்கலாம்.
சப்பாத்திலிருந்து திரும்ப வாசித்துப் பார்.

ஞாயிறு வா.
வடை நான் வாங்குகிறேன்,
எண்ணி.