மூன்று நெடில், ஒரு குறில்

வெளியே மைனஸ் முப்பத்தெட்டு.
கதவைத் திறந்தவரோடு
ஒரு மூட்டை ஆவியும் உள்ளே வந்தது.
ஆட்டுத்தோல் அங்கிக்குள் கைவிட்டு
பனியில் பிறந்த குட்டியை எடுப்பதுபோல்
மடிக்கணினியை எடுத்து வைத்தார்.
"எழமாட்டேன் என்கிறது."

பொத்தானைத் தொடாதீர்கள் என்றேன்.
குளிரிலிருந்து வந்த உலோகத்துக்கு வியர்க்கும்.
அந்த வியர்வையில் மின்சாரம் பட்டால்
நானும் கைவிரிக்க வேண்டியதுதான்.
ஒரு மணி நேரம் கிடக்கட்டும்.

உலான்பாத்தரில்
ஒன்பது மாடிக் கட்டடமொன்றின் படிக்கட்டுக்கு அடியில்
என் கடை.
பேட்டைக்கெல்லாம் வெந்நீர் கொண்டுபோகும் குழாய்
முதுகுக்குப் பின்னால் ஓடுகிறது.
வாடகை அதற்குத்தான்.

உப்புப் போட்ட பால் தேநீர் கொடுத்தேன்.
பேர் லுவ்சன்தாவ்கா, கால்நடை மருத்துவர்,
ஆர்கங்காயிலிருந்து ஒரு பகலும் ஓர் இரவும்.
உள்ளே என்ன இருக்கிறது?
எல்லோரிடமும் கேட்பேன்.
கல்யாணப் படம் என்பார்கள், பாதி ஆய்வேடு என்பார்கள்,
சிலர் காது சிவப்பார்கள்.
இவர் "கணக்கு" என்றார்.

இந்த முறை பனிமேல் பனி,
நடுவே கண்ணாடி கண்ணாடியாய் ஐஸ்.
குளம்புக்கு எட்டிய புல் வாய்க்கு எட்டவில்லை.
நாலு வட்டாரம், வீடு வீடாகப் போய்
செத்ததை எண்ணியிருக்கிறார்.
செம்மறி இத்தனை, வெள்ளாடு இத்தனை, குதிரை ஒன்பது.
"ஒரு வீட்டில் ஒட்டகம். பேர் வைத்திருந்தார்கள்.
பேருக்குக் கட்டம் இல்லை."
நாளை மாலைக்குள் கொடுத்தால்தான் இழப்பீடு.

நகல்?
சுவரைப் பார்த்தார்.

சார்ஜர் விளக்கு எரிந்தது, அதுவரை நல்லது.
பேட்டரியைக் கழற்றிவிட்டு
பொத்தானை முப்பது எண்ணும்வரை அழுத்திப் பிடித்தேன்.
உள்ளே தேங்கியது வடியவேண்டும்;
அழுது முடித்தவர்களிடம்தான் பேச முடியும்.
மறுபடி அழுத்தினேன்.
விசிறி இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது.
திரை கறுப்பு.
பிறகு கூவியது:
நெடில், நெடில், நெடில்,
குறில்.

நினைவகம், என்றேன்.
"எனக்கா?" என்றார். சிரிக்கவில்லை.

பதினொரு திருகில் ஒன்றைக் காணோம்.
யாரோ கத்தியால் முயன்ற தழும்பு.
"நான்தான். அறுத்துத் தைக்கிற கை,
இதையும் செய்யுமென்று நினைத்தேன்."
விசிறியின் இதழ்களுக்குள்
சாம்பல் நிறத்தில் திரண்ட மயிர்.
இடுக்கியால் இழுத்ததும் கையில் வாங்கி உருட்டிப் பார்த்து,
வெள்ளாடு, உள்மயிர், இரண்டு வயதுக்கு மேலிராது என்றார்.
நான் கேட்கவில்லை.

நினைவக அட்டைகளின் தங்கப் பற்களை
என் மகளின் அழிரப்பரால் தேய்த்தேன்.
முதலாவதைச் செருகினால் அதே கூவல்.
அதை எடுத்துவிட்டு
இரண்டாவதை மட்டும், பக்கத்துக் குழியில்.

விசிறி நிற்கவில்லை.

திரையில் வெளிச்சம் வந்தது, கடிகாரம் வந்தது:
ஜனவரி ஒன்று, நள்ளிரவு,
நாலு வருஷத்துக்கு முந்தைய ஜனவரி.
உள்ளே இருக்கும் பொத்தான் பேட்டரி செத்துப்போனால்
இயந்திரம் தனக்குத் தெரிந்த பழைய நாளுக்குப் போய்
அங்கிருந்து எண்ணத் தொடங்கிவிடும்.
மூவாயிரம் துக்ரிக், மாற்றித் தருகிறேன்,
தேதி தப்பாயிருந்தால் இணையம் உள்ளே விடாது என்றேன்.

"தெரியும்," என்றார்.
"கொஞ்சம் இருங்கள்."

பன்னிரண்டு மணி ஒரு நிமிடம்.
பன்னிரண்டு மணி மூன்று.
அந்த ஜனவரியில் எல்லாம் நின்றுகொண்டிருந்தன.

பிறகு அவரே தட்டினார், ஒற்றை விரலால்.
ஆண்டில் இருமுறை பிழைவிட்டார்.

கேட்காமலே ஒரு நகல் எடுத்தேன்.
இருபத்தோராயிரம் உயிர்.
ஒரே கோப்பு,
கல்யாணப் படமொன்றில் கால்வாசிகூட இல்லை.
பென்டிரைவுக்குள் போக ஒரு நொடி பிடிக்கவில்லை;
பச்சைப் பட்டை வந்ததா என்றே தெரியவில்லை.

இதைக் குளிரில் எப்படிக் கொண்டுபோவது என்று கேட்டார்.
உடம்பை ஒட்டி, என்றேன்.
அவருக்குத் தெரியாததில்லை.